கறுப்பு வெள்ளை டிவியில் இரண்டு மொட்டைகள்

நித்யா, சரண்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பெரியப்பாவை ஹாலில் உட்கார வைத்து, அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தீர்கள். "பெரியப்பா, இது உங்க காலத்து கேம். கடைல பெரிய பெட்டி மாதிரி நிக்குமாமே, அது இப்ப டிவிலயே வந்திருக்கு" என்றாள் நித்யா. அவர் இடது கையால் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "கண்ணு சரியா தெரிலம்மா. நீங்க ஆடுங்க, நான் பாத்துகினு கீறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் கிளம்பிப் போனதும் சரண் என்னிடம் கேட்டான்: "பெரியப்பாவுக்கு கேம்லாம் புடிக்காதுல்லப்பா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு நான் வண்டி துடைக்கப் போய்விட்டேன்.

நான் சொன்னது பொய். முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவரும் பொய் என்பதால் வாய் தடுமாறவில்லை. இந்தத் தொடரில் உங்களிடம் உள்ளதைச் சொல்வது என்று ஆரம்பித்தேன். போன வாரம் கே.கே. நகரில் மெக்கானிக் கடையில் சேர்ந்த கதையை எழுதினேன். அந்தக் கடையில் இருந்தபோது நடந்ததுதான் இதுவும்.

துணிப்பை

வருடம் சரியாக நினைவில்லை. பேஜர் வைத்திருப்பவரைப் பெரிய ஆள் என்று நினைத்த காலம். மாசி மாதமாக இருக்கும். வெயில் இன்னும் ஏறவில்லை.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் எங்கள் வீடு. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் கனமான துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். உங்கள் பெரியப்பா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. எனக்கு மூன்று குறைவு.

"அண்ணா, எழுந்துரு. இன்னா கொண்டாந்துகீறேன் பாரு."

"இன்னா, பிரியாணியா?"

"திரும்பிப் பாரேன்."

திரும்பினார். பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. சுருட்டிக் கட்டிய ஒயர். இரண்டு ரிமோட். நீங்கள் கன்ட்ரோலர் என்று சொல்வதை நாங்கள் ரிமோட் என்றே சொன்னோம். கடைசியாக ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் மொட்டைத் தலையோடு ஒருவன் கழியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "மொட்ட" என்றார்.

"மொட்டயேதான். பாய் வீடியோ கேம் கடைல ஆடுவியே, அதே ஆட்டம். இனிமே ஊட்லயே ஆடலாம்."

அவர் ஒரு ரிமோட்டைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். முகத்தில் வந்த சிரிப்பு போகவில்லை. ஆனால் மேலே வளரவும் இல்லை, வந்த இடத்திலேயே நின்றது. அதை நான் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. டிவிக்குப் பின்னால் ஒயர் செருகுவதில் மும்முரமாக இருந்தேன்.

அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். இல்லாவிட்டால் இது உங்களுக்கு ஒரு பழைய கேம் பெட்டியின் கதையாகத்தான் தெரியும்.

ஒரு பட்டனும் ஒரு ரப்பரும்

பெரியப்பாவின் வலது கையில் கட்டை விரல் இல்லை. நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை என்பதால் எப்படிப் போனது என்று கேட்டதே இல்லை.

கிண்டியில் ஒரு பட்டறை. டிபன் பாக்ஸ் மூடி அடிக்கிற பவர் பிரஸ்ஸில் அவருக்கு வேலை. தகட்டை அச்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. மெஷின் செய்தவன் அப்படி யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

ஆனால் அப்படி அடித்தால் மூடி மெதுவாகத்தான் விழும். அதனால் ஒரு பட்டனை அமுங்கியபடியே இருக்கும்படி சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். பட்டறையில் எல்லோருமே கட்டினார்கள். எவனும் கட்டச் சொல்லவில்லை, எவனும் அவிழ்க்கச் சொல்லவும் இல்லை. "நான்தான்டா கட்னேன், என் கையாலயே" என்று பெரியப்பா இன்றும் சொல்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மூன்று நான்கு மாதம் அவர் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் வலது கை பாக்கெட்டில்தான் இருக்கும். லுங்கி கட்டியிருந்தால் முதுகுக்குப் பின்னால். யாராவது வீட்டுக்கு வந்தால் தூங்குவது போல சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முகூர்த்த நாளில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். கிளம்பும்போது என்னிடம் ரகசியமாகச் சொல்வார்: "டேய் சீனு, அவன இப்டியே உட்டா செவுரோட செவுரா ஒட்டிக்குவான்டா. வெளிய தெருவ இட்டுகினு போ."

மழைக்கு ஏறிய மாடிப்படி

தீபாவளிக்குச் சட்டை எடுக்கலாம் என்று ஒருநாள் இழுத்துக்கொண்டு போனேன். ரங்கநாதன் தெருவில் பாதி போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் கடைகளின் ஓரத்தில் ஒண்டியது. பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடை, அதை ஒட்டி ஒரு குறுகலான மாடிப்படி. மேலேயிருந்து சத்தம் வந்தது. அடி விழுகிற சத்தம், கூச்சல், நடுவே இரும்பில் இரும்பு மோதுவது போல் ஒரு ஓசை. ஏறினோம்.

அது வீடியோ கேம் கடை. நடத்தியவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நாலைந்து மெஷின்கள் இருந்தும் ஒன்றைச் சுற்றித்தான் கூட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடும் ஒத்தைக்கு ஒத்தை அடிதடி ஆட்டம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அடுத்து ஆட வேண்டியவன் தன் டோக்கனைத் திரைக்குக் கீழே உள்ள விளிம்பில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். தோற்றவன் விலகுவான், வரிசையில் முதல் டோக்கன்காரன் வருவான். ஜெயித்தவன் அசைய மாட்டான். யாராவது அடித்துத் துரத்தும்வரை அந்த இடம் அவனுடையது.

ஆட்டத்தில் வரும் ஆட்களின் பெயர்கள் எந்த பாஷையிலோ எழுதியிருந்தன. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மொட்டை, ஜடை, குண்டன், கண்ணாடி போட்டுக்கொண்டு காலால் உதைக்கும் ஒரு பெண்ணுக்கு டீச்சர். மாம்பலத்திலிருந்து பூந்தமல்லிவரை எங்கே போய்க் கேட்டாலும் இதே பெயர்கள்தான் என்று பாய் சொல்வார். அவர் பூந்தமல்லிக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

நான் ஒரு டோக்கன் வாங்கி ஆடினேன். மூச்சு விடுவதற்குள் விழுந்தேன். பெரியப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு டோக்கன் வைத்து என் முறை வந்தபோது, "தள்ளு" என்றார்.

"உனுக்கு தெரியுமா?"

"தள்ளுடா."

இடது கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பட்டன்கள் மேல் வைத்தார். வீட்டுக்கு வெளியே அந்தக் கை வெளிச்சத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். நான் சுற்றிலும் பார்த்தேன், யார் யார் பார்க்கிறார்கள் என்று. ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் திரையில். பின்னால் நிற்கிறவனுக்கு ஆடுகிறவனின் முதுகு மட்டும்தானே தெரியும்.

அன்றைக்குத் தோற்றார். மறுநாள் அவரே என்னை எழுப்பினார். "கெளம்பு, மாம்பலம் போலாம்."

மயிலாப்பூர்க்காரர்

கார்த்திகை முடிவதற்குள் பெரியப்பாவை அந்த இடத்திலிருந்து நகர்த்த ஆள் இல்லாமல் போனது. எப்போதும் மொட்டையைத்தான் எடுப்பார். அதனால் டில்லி என்கிற அவர் பெயரே மொட்டை டில்லி ஆனது. தலை நிறைய முடி வைத்துக்கொண்டு அந்தப் பெயரில் திரிந்தார்.

"யார்ரா மொட்ட டில்லி?"

"நாந்தான். இன்னா, டோக்கன் கீதா? வெச்சிட்டு நில்லு. அழுவாம போணும், சொல்லிட்டேன்."

இப்படிப் பேசுகிறவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்தான் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மயிலாப்பூரிலிருந்து வெங்கட் என்று ஒரு காலேஜ் மாணவர் வருவார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். நன்றாக ஆடுவார். குண்டனை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஆட அவரால்தான் முடியும். வாரம் ஒருமுறை வந்து பெரியப்பாவிடம் தோற்றுவிட்டுப் போவார். தோற்றாலும் கோபப்பட மாட்டார். ஆட்டத்தைப் பற்றி நின்று பேசிவிட்டுத்தான் இறங்குவார்.

ஒருநாள் மூன்று ஆட்டமும் நூலிழையில் போனது. வெங்கட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார். "கை குடுங்கோ சார். நீங்க மனுஷரே இல்ல."

பெரியப்பா யோசிக்காமல் வலது கையைக் கொடுத்துவிட்டார்.

பிடித்த பிறகுதான் வெங்கட்டுக்குத் தெரிந்தது. இத்தனை வாரம் பக்கத்திலேயே நின்று ஆடியவர். கையைக் குனிந்து பார்த்தார். விடவில்லை. அவர் ஒரு வார்த்தை பரிதாபமாகச் சொன்னால் போதும், நாளைக்குப் பெரியப்பா மறுபடியும் பாயில்.

வெங்கட் நிமிர்ந்து, "இன்னொரு டோக்கன் வாங்கிண்டு வரேன். ஓடிப் போயிடாதேள்" என்றார்.

பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். "நா எங்க ஓடறது? நீதான் சாமி வாராவாரம் ஓடற."

அடுத்த ஆட்டத்தில் வெங்கட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியும் தோற்றார். படியில் இறங்கும்போது போகிற போக்கில் என்னிடம் சொன்னது இது: "இதே கேம் இப்ப ஆத்துலயே ஆடலாம், தெரியுமோ? டிவில சொருகிக்கற மாதிரி பொட்டி. என் கஸின் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிண்டு வந்திருக்கான். ஆனா இதுமாதிரி வராது."

கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாய் கடையைக் காலி செய்தார்

பொங்கலுக்குப் பிறகு கட்டடக்காரர் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெஷின்களைப் படிவழியாக இறக்கி மீன்பாடி வண்டியில் ஏற்றியபோது பெரியப்பாவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பாய் எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. "பாப்போம் டில்லி" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தார், படுத்தார். பழையபடி சுவர்.

அதே சமயத்தில் அம்மா ஒரு வேலை கேட்டு வைத்திருந்தார். உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கடை. மண்டபத்து மேனேஜருக்குத் தெரிந்தவர்கள். லிப்ட்டில் நிற்க ஆள் வேண்டும். பட்டனை அமுக்க வேண்டும், கதவைத் திறந்து மூட வேண்டும்.

"லிப்டுல நா மாட்டேன்" என்றார் பெரியப்பா, திரும்பாமலேயே.

"ஏன்டா, நிக்கறதுதானே? உனுக்கு இன்னா நோவுது?"

"பத்து பேரு நெருக்கிகினு நிப்பாங்கம்மா. பட்டன அமுக்கறப்ப எல்லாரும் கையத்தான் பாப்பாங்க. வேற எங்க பாக்கறது அதுக்குள்ள?"

அம்மா தலையை முடிந்துகொண்டார். "அவங்க அடுத்த மாசத்துக்கு மேல தாங்க மாட்டாங்க. வேற ஆள போட்ருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பெரியப்பா இந்த முறை எழுந்திருக்காவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பட்டது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்த ஆட்டம். அதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும், மற்றது தன்னால் நடக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் மெக்கானிக் கடைக்கு வண்டி விடுகிற ஒரு டாக்டர் வீடு கே.கே. நகரிலேயே இருந்தது. அவர்கள் பையன் படிக்க அமெரிக்கா போய்விட்டான். அவன் அறையில் அந்தப் பெட்டி தூசியோடு கிடந்ததை ஒருநாள் சாவி வாங்கப் போனபோது பார்த்தேன். அலமாரியில் கேசட்டுகள், நடுவில் மொட்டை. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். இரண்டு ஸ்கூட்டரையும் இன்ஜின் இறக்கிச் சரி பண்ணிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போ என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கையில் கிரீஸ் போவதற்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகுதான் அந்தப் பெட்டியைத் தொட்டேன்.

அந்தப் பெட்டியைத்தான் துணிப்பையில் வைத்து அந்தச் சனிக்கிழமை கொண்டு வந்தேன்.

மூன்று ஆட்டம்

எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இந்த ஒயரைச் செருகி, சேனல் குமிழைத் திருகிக்கொண்டே போனேன். புள்ளி புள்ளியாக ஓடியது. திடீரென்று அந்தச் சத்தம் வந்தது. பாய் கடையில் கேட்ட அதே இரும்பு ஓசை.

"அண்ணா, கேக்குதா?"

"கேக்குது. அதேதான்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். அந்தச் சந்தில் டிவியில் எது ஓடினாலும் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் முனுசாமி ஒரு ஸ்டூலே போட்டுக்கொண்டார்.

பெரியப்பா மொட்டையை எடுத்தார். அவரோடு ஆடுவது என்றால் நானும் மொட்டையாக ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. எடுத்தேன். கலர் டிவியாக இருந்தால் ஒருவனுக்குச் சிவப்பு உடுப்பு, ஒருவனுக்கு நீலம். எங்கள் டிவியில் இரண்டும் ஒரே சாம்பல்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவருடைய மொட்டை நின்ற இடத்திலேயே நின்றான். நான் இரண்டு அடி அடித்தேன். அவன் ஒருமுறை குதித்தான், சம்பந்தமில்லாமல் ஒரு உதை விட்டான். மறுபடி நின்றான். நான் அடித்தேன். விழுந்தான்.

அதுவரை நான் அவரை ஜெயித்ததே இல்லை. சந்தோஷத்தில் திரும்பினேன்.

ரிமோட்டின் இடது பக்கத்தை இடது கையால் பிடித்திருந்தார். வலது பக்கத்தைத் தாங்க எதுவும் இல்லை. ஆள்காட்டி விரலால் ஒரு பட்டனைக் குத்தினால் ரிமோட் அந்தப் பக்கம் சாய்ந்தது. முழங்காலில் அணைத்து வைத்துப் பார்த்தார். பிறகு தரையில் வைத்து அதன் மேல் கவிழ்ந்துகொண்டார். சிமென்ட் தரையில் அது வழுக்கிக்கொண்டு போனது. வாசலில் நின்றவர்கள் இப்போது திரையைப் பார்க்கவில்லை.

நான் மெக்கானிக். எந்தச் சாமானையும் கையில் எடுத்தால் அது எந்த விரலை நம்பிச் செய்தது என்று தெரிந்துவிடும். ஸ்பேனர் உள்ளங்கைக்கு. ஸ்க்ரூ டிரைவர் மணிக்கட்டுக்கு. அந்த ரிமோட் முழுக்க முழுக்கக் கட்டை விரல்களுக்காகவே செய்தது. பாய் கடை மெஷினில் பட்டன்கள் பலகையில் பதிந்திருக்கும். மூன்று விரலால் தட்டினால் போதும். என் கட்டை விரல்கூட அங்கே சும்மாதான் இருந்தது.

மூன்று ஞாயிறு அந்த வீட்டில் வேலை செய்தேன். பெட்டியைத் துடைத்தேன், இரண்டு ரிமோட்டையும் பட்டன் பட்டனாக அமுக்கிச் சரிபார்த்தேன், என் கட்டை விரலால்தான். ஒருமுறைகூட இது தோன்றவில்லை. மாதக்கணக்கில் அவர் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில், அந்தக் கையில் ஒன்று குறைகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மறந்தவனால்தான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வர முடியும்.

முனுசாமி ஸ்டூலில் இருந்தபடி, "இன்னா டில்லி, தம்பி கைல போய் அடி வாங்கிகினு கீற? பெரிய மொட்டன்னாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் மறந்துதான் பேசினார்.

பெரியப்பா நிமிரவில்லை. "கலர் இல்லியே மாமா. ரெண்டும் ஒண்ணு மாதிரியே கீது. எவன் நானு, எவன் அவன்னே தெரில. இம்மா நேரமா அவன் ஆள நான்னு நென்ச்சி ஆடிகினு கீறேன்."

வாசலில் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமாண்ணா, எனுக்கும் தெரில" என்றேன் நான்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. பொய் அங்கேதான் ஆரம்பித்தது, இரண்டு பேரும் சேர்ந்து.

இரண்டாவது ஆட்டத்தில் நான் பட்டனைத் தொடவில்லை. சும்மா முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். அவர் வந்து அடிக்கட்டும், விழலாம் என்று நின்றேன். அவர் மொட்டை பக்கத்தில் வந்து நின்றான். அடிக்கவில்லை.

"ஏய்" என்றார். குரல் எனக்கு மட்டும் கேட்டது. "ஆடு. டபாய்க்காத. உட்டுக் குடுத்தன்னா ஒத வாங்குவ."

ஆடினேன். ஜெயித்தேன். மூன்றாவதையும் ஜெயித்தேன்.

அவர் ரிமோட்டைப் பெட்டி மேல் வைத்தார். ஒயரை நிதானமாகச் சுற்றினார். "சோக்கா கீதுடா. கலர் டிவி வாங்கு, அப்பால பாக்கலாம்" என்று சொல்லி என் தலையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் பார்த்துப் படுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

சில வருடம் கழித்துக் கலர் டிவி வந்தது. அப்போது, சவுண்டு சரியில்லை என்றார். அதற்கப்புறம் இடுப்பு வலி. இப்போது கண்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடமே கேட்டேன். டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "எழுது. ஆனா நாலு ஆட்டம் தோத்தேன்னு போடாத, மூணுன்னு போடு" என்றார். மூன்று என்றே போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு ஓடிப்போய் அவருக்கென்று எதையும் வாங்கி வராதீர்கள். ஜாய்ஸ்டிக் வைத்த பலகை இப்போது தனியாகக் கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும். முதலில் அவரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் நான் எழுந்தபோது பாய் சுருட்டி மூலையில் நின்றது. அவர் இல்லை. அம்மா முகூர்த்தத்துக்குப் போயிருந்தார். ஆற்றங்கரை வரை ஓடிப் பார்த்தேன். என்ன நினைத்து ஓடினேன் என்று எழுத வேண்டாம்.

பதினொரு மணிக்கு அவரே வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். வலது கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"எங்கண்ணா போன?"

"உஸ்மான் ரோடு. சேந்துட்டேன். ரெண்டு மணிக்கு வரச் சொல்லிகீறாங்க." பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். நீல நிறச் சட்டை, பாக்கெட்டில் கடைப் பெயர். "நாலு மாடிடா. நாலு பட்டனு. மொட்டைக்கு ஆறு இருந்துச்சி."

"கைய பாப்பாங்கன்ன?"

"பாக்கட்டுமே. நேத்து பாக்கல?"

அந்தப் பெட்டி அவரை எழுப்பியதா, அந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் படுத்திருக்கப் பிடிக்காமல் எழுந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த லிப்ட்டில்தான் இன்றும் நிற்கிறார். இடையில் இரண்டு முறை லிப்ட்டையே மாற்றிவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். உட்கார்ந்து, வலது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலால் பிசைந்து எடுத்தேன். எடுக்க முடிந்தது. வாய்வரை கொண்டுபோகவும் முடிந்தது. உள்ளே தள்ளுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ரசம் முழங்கை வழியே இறங்கியது, சோறு மடியில் விழுந்தது. தலையைத் தட்டுவரை குனிந்தால் கொஞ்சம் உள்ளே போனது. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிட்டார். ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

தட்டில் இருந்தது முழுவதையும் அப்படியே சாப்பிட்டேன். நேரம் ஆயிற்று. பிறகு தரையில் சிந்தியதைத் துணி வைத்துத் துடைத்துவிட்டுக் கை கழுவினேன்.